கடலை மிட்டாய் சோழர் காலத்ததா?

வீட்டிலேயே புரோட்டீன் பார் செய்து வந்த நண்பன், "இது நம்ம கடலை மிட்டாய்தான்டா, சோழர் காலத்துலேயே இருந்துச்சு" என்றான். இல்லைங்க! எங்க உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் (919-921) குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டினபோது நிலக்கடலை அமெரிக்கக் கண்டத்தில்தான் இருந்தது. போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டுக் கடலை, எண்ணெய்க்காக புதுச்சேரியிலிருந்து பிரான்ஸுக்குக் கப்பலேறியது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான், ஆனா சோழர் கணக்கில் எழுதாதீங்க (காமர்ஸ் புத்தி!).

சோழரைத்தான் இழுக்கணும்னா பொரிவிளங்காய் உருண்டையைப் பாருங்க. அரிசி, பச்சைப்பயறு, வெல்லம், சுக்கு எல்லாமே கடலைக்கு முந்தியே இங்கே இருந்த சாமான்கள். வறுத்து அரைத்து, சூடான பாகு ஊற்றி உருட்டினால் நாள்பட இருக்கும். பிற்பாடு வந்த நிலக்கடலையையும் சிலர் இதிலேயே சேர்த்துவிட்டார்கள். பாகு பதம் தப்பினால் மட்டும் பல் பத்திரம்!