கூரம் செப்பேடும் பெர்ல் த்ரெட்டும்

கூரம்னா வைணவர்களுக்குக் கூரத்தாழ்வார். கல்வெட்டுக் கிறுக்கு பிடிச்சவங்களுக்கு முதலாம் பரமேஸ்வரவர்ம பல்லவனோட செப்பேடு. நான் ரெண்டாவது கோஷ்டி. போன வாரம் ராத்திரி 11 மணிக்கு ஒரு பெர்ல் புரோகிராமோட மல்லுக்கட்டினப்போ அந்தச் செப்பேடு ஞாபகத்துக்கு வந்துச்சு, நம்புங்க.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. சாளுக்கிய விக்கிரமாதித்தனைக் கந்தலோட ஓடவிட்டேன்னு பெருமை பேசிட்டு, செப்பேடு விஷயத்துக்கு வருது. பரமேஸ்வரமங்கலம்ங்கற ஊரை 25 பங்கா பிரிக்கிறாங்க. கூரத்துச் சிவன் கோயில் பூஜை, பராமரிப்புக்கு 3. மண்டபத்துல தண்ணிக்கும் நெருப்புக்கும் 1. அதே மண்டபத்துல பாரதம் வாசிக்க 1 (இதுக்குத் தனி பங்கு, பாருங்க!). மிச்சம் 20 பங்கு, 20 வேதியர்களுக்கு. பாலாற்றிலேர்ந்து பெரும்பிடுகு கால்வாய், பரமேஸ்வர தடாகம்னு தண்ணிக் கணக்கும் உண்டு. எது யாருக்குன்னு செம்புல வெட்டி வச்சாச்சு.

நிற்க. பெர்லுக்கு வருவோம். 1998-ல 5.005-ல த்ரெட் முதல்ல வந்தப்போ எல்லா வேரியபிளும் எல்லா த்ரெட்டுக்கும் பொது. ஊர்ப் புறம்போக்கு மாதிரி. யார் எப்போ எதை மாத்துவாங்கன்னே தெரியாது. 2000-ல 5.6 வந்தப்போ, விண்டோஸ்ல ஃபோர்க் வேலையை ஒப்பேத்த இன்டர்பிரட்டரையே நகல் எடுக்கிற வித்தை வந்துச்சு. 2002-ல 5.8 அதை நம்ம கையில குடுத்துச்சு. பழைய வகையை 2007-ல 5.10-ல தூக்கிட்டாங்க. புது முறையில எதுவும் பொது இல்லை. 'ஷேர்டு'ன்னு எழுதி வச்சது மட்டும்தான் பொது.

என் தப்பு இங்கதான். ஒவ்வொரு ஃபைல் முடிஞ்சதும் ஒரு கால்பேக், எண்ணிக்கையை ஒண்ணு கூட்டணும். காலையில கிளையன்ட்டுக்கு டெமோ. புரோகிராம் ஓடி முடிஞ்சா எண்ணிக்கை 0! கால்பேக் ஓடினது த்ரெட்டுக்குள்ள. அது கூட்டினது தன் நகலை. மெயின்ல இருக்கறது அசையவே இல்லை. 'ஷேர்டு' போட்டேன். இப்போ 2000-க்குப் பதிலா 1987. ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல பழைய எண்ணைப் படிச்சு, ஆளுக்கு ஒண்ணு கூட்டி, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிச்சிருக்காங்க. கூட்டற இடத்துக்கு மட்டும் ஒரு பிளாக், அதுக்குள்ள லாக். பிளாக் முடிஞ்சா லாக் தானா விடும். மடையைத் திறந்தவன் மூடிட்டுப் போறாப்ல.

இன்னொரு வம்பு: கால்பேக்கையே ஷேர்டு வேரியபிள்ல வைக்க பெர்ல் விடாது. அதனால பேரை மட்டும் த்ரெட் கியூ வழியா அனுப்பி, மெயின்ல ஒரு ஹாஷ்ல தேடிக் கூப்பிட்டேன். 2000 வந்தப்போ மணி ரெண்டரை. பெர்ல் ஆவணமே இந்த த்ரெட் வேணாம்னு சொல்லுதுன்னு அப்புறம்தான் படிச்சேன் :-)

டெமோ தப்பிச்சுது. இந்த ஞாயிறு கூரம் போறேன், அந்தத் தூங்கானை மாடக் கோயிலை இன்னொரு தடவை பார்க்கணும்.