கோபுரம்: பொருநைச் சமவெளியின் உயர்கட்டடக் கலை

கோபுரம் என்பது ஆலய மதிலின் வாயில்மீது பல நிலைகளாக எழுந்து, ஏற ஏறக் குறுகி, வண்டிக்கூடு போன்ற சாலை வடிவான சிகரத்திலும் அதன்மேல் வரிசையாக நிறுத்தப்படும் கலசங்களிலும் முடிவுறும் கட்டடமாகும். பொதிகையில் உற்பத்தியாகிக் கடல் சேரும் பொருநை எனப்படும் தாமிரவருணியின் இரு கரைகளிலும், அதனோடு கூடும் சிற்றாற்றின் கரையிலும், இரும்புச் சட்டகமும் சிமெண்டும் வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மனிதர் எழுப்பிய உயர்ந்த கட்டடங்கள் இவையே. இக்காலத்து வானளாவிய மாளிகையைப்போல இவை மக்கள் குடியிருப்பதற்கென்று அமைந்தவையல்ல. ஆயினும் பாரத்தைப் பூமிக்கு இறக்குதல், காற்றுக்கு ஈடுகொடுத்தல், பொருள்களை உயரத்துக்கு ஏற்றுதல் ஆகிய பிரச்சினைகள் இரண்டுக்கும் பொதுவானவை. அவற்றுக்கு நம் ஸ்தபதிகள் கண்ட தீர்வுகளே இக்கலையின் சரித்திரம்.

மயமதம் முதலிய சிற்ப சாஸ்திர நூல்கள், உள் பிராகாரத்திலிருந்து வெளிப்பிராகாரம் நோக்கி, துவாரசோபை, துவாரசாலை, துவாரப் பிராசாதம், துவார ஹர்மியம், மகாகோபுரம் என ஐவகை வாயில்களை வகுத்து, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள பிரமாணத்தையும் விதிக்கின்றன. நிலைகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையாகவே அமைவது வழக்கம்.

அஸ்திவாரத்தின்மேல் அதிஷ்டானம் எனும் அடிபீடமும் அதன்மேல் சுவரும் கருங்கல்லால் எழும். இப்பகுதியைக் கல்காரம் என்பர். வாயிலின் இருபுறமும் நெடிய ஒற்றைக்கல் நிலைக்கால்கள் நிற்க, மேலே கல் உத்தரங்கள் பாலமிடும். அதற்குமேல் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அழுத்தத்தைத் தாங்க வல்லதும் மழைச்சாரலில் கரையாததுமான கல் கீழேயும், எடை குறைந்த செங்கல் மேலேயும் இருப்பதால், கட்டடத்தின் கனம் அடியில் தங்குகிறது. நிலைதோறும் சுவர் உள்வாங்குவதால் மேலிருந்து இறங்கும் பாரமும் குறைகிறது. எளிமையானதென்று தோன்றினும் இது சிறந்த யுக்தியே.

வெளியிலிருந்து பார்ப்பவர்க்குக் கோபுரம் கெட்டியான குன்றுபோலத் தோன்றினும் உள்ளே அது வெறுங்கூடு. இதனைக் கண்ணாரக் காண விரும்புவோர், கடனாநதி தாமிரவருணியோடு கலக்கும் திருப்புடைமருதூருக்குச் செல்ல வேண்டும். அங்கே நாறும்பூநாதர் கோயிலின் ஐந்துநிலைக் கோபுரத்தினுள் ஏறினால், ஒவ்வொரு நிலையிலும் சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் உத்தரங்களைத் தாங்க, உத்தரங்கள் மேல்தளத்தைத் தாங்க, சுற்றுச் சுவர்களில் புராணக் காட்சிகளும் படையெடுப்புக் காட்சிகளும் வண்ண ஓவியங்களாக விரிகின்றன. தளத்துக்குத் தளம் ஏணிப்படி. நீண்ட பக்கங்களிலுள்ள திறப்புகளின் வழியே வெளிச்சமும் காற்றும் வரும். கட்டும்போது மேலேறும் மேடையாகவும், கட்டி முடித்தபின் பழுதுபார்க்கும் வழியாகவும் பயன்படும் இவ்வுட்கூட்டினை வெறும் வேலைத்தளமாக விட்டுவிடாமல் சித்திர மண்டபமாக்கிய அந்தத் தச்சர்களும் ஓவியர்களும் போற்றுதற்குரியவர்கள்.

சுண்ணாம்பைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு செக்கிலிட்டு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் சேர்த்துப் பதப்படுத்துவர். இக்கலவை மெல்ல மெல்லக் காற்றை உண்டு இறுகுவது. ஆதலின் வேலையும் மெல்ல நடந்தது. சாரங்கட்டி, செங்கற்களைக் கைமாற்றி ஏற்றி, நிலை முடிந்தபின் சுதையால் உருவங்கள் அமைத்தனர்.

சிற்றாற்றங்கரையிலுள்ள தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் காசி விசுவநாதருக்கு ஆலயம் எடுத்து, இராஜகோபுரத்தையும் தொடங்கினான். அவன் ஆயுளில் அது நிறைவுறாமல், தம்பி குலசேகரன் காலத்தில் முடிவுற்றது. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் நேரக்கூடிய குறைகளைத் திருத்துவோர் எவராயினும் அவர்தம் திருவடிகளைத் தான் பணிவதாக அம்மன்னன் கல்லில் பொறித்துச் சென்றான். உயர எழுப்புவதைவிட உயர எழுந்ததைக் காப்பதே அரிது என்பதனை அறிந்த ஒரு மன்னனின் சொல் அது. மேற்கே ஆரியங்காவுக் கணவாயின் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் பாய்ந்து வரும் காற்றை எதிர்கொள்ளும் இக்கோபுரம், பின்னர் மேல்நிலைகளை இழந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தனாரின் முயற்சியால் ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது.

19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ ஆலயங்களும் இவ்வுயரத்துக்குப் போட்டியிட்டன. 1826இல் எழுந்த பாளையங்கோட்டைத் தூய திரித்துவ ஆலயத்தின் கூர்முனையை ஜனங்கள் ஊசிக்கோபுரம் என்றே அழைத்தனர்; தெற்கே தேரிக்காட்டு மெய்ஞ்ஞானபுரத்தில் தூய பவுல் ஆலயக் கோபுரமும் நெடுந்தூரம் தெரியும்படி உயர்ந்தது.

இவை யாவற்றிலும் பாரத்தைச் சுமந்தது சுவரே. 1885இல் சிகாகோவில் எழுந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் அப்பாரம் பெரும்பாலும் உலோகச் சட்டகத்துக்கு மாறியது. பின்வந்த கட்டடங்களில் சுவர் வெறும் போர்வையாயிற்று. பாதுகாப்பான மின்தூக்கியும் கூடவே, மாடிகளுக்கு மேல் மாடிகள் மக்கள் வாழ்விடமாயின. தமிழ்நாட்டில் அம்மாற்றத்தை அறிவித்தது 1959இல் சென்னை மவுண்ட் ரோட்டில் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம். அதன் உயரம் 177 அடி. தென்காசிக் கோபுரத்தின் உயரத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது. இம்மாறுதலில் பொருநைச் சமவெளிக்கும் பங்குண்டு. கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரின் முயற்சியால் 1946இல் தோன்றிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம், திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தின் சுண்ணாம்புக் கல்லை நம்பி, 1949இல் தன் முதல் ஆலையை அங்கே இயக்கியது. காளவாயில் வெந்த கல்லின் இனமே, களிமண்ணோடு சேர்ந்து சூளையில் கடும் வெப்பத்தில் வெந்து, அடுக்குமாடிகளுக்குச் சிமெண்டாகச் சென்றது.

பழைய கோபுரங்களைச் செப்பனிடும்போது அதே சிமெண்டைப் பூசுதல் பொருந்தாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியிடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சு அவ்வீரத்தைத் தடுத்து உள்ளேயே நிறுத்திச் செங்கல்லை அரிக்கும். பறவைகள் இட்ட வித்திலிருந்து முளைக்கும் ஆலும் அரசும் வேரோடி இணைப்புகளைப் பிளப்பதும் வழக்கமான கேடு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபு, கோபுரம் முழுவதும் சாரங்கட்டி, செடிகளைக் களைந்து, வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்து, சுதையுருவங்களைத் திருத்துவதற்கென்றே அமைந்த பராமரிப்பு முறையாகவும் விளங்குகிறது.