கதிர் பொறுக்கும் பெண்களும் க்ருஷி கிராமத்துப் பையனும்

போன வாரம் புத்தக அலமாரியை ஒழுங்குபண்ணும்போது பழைய காலண்டர் படம் ஒன்று கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் வரலாறு படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: அறுத்த வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள். ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே, 1857. பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தின்போது கரும்பலகைக்கு மேலே மாட்டுவேன். ஆனால் வரைந்தவரைப் பற்றி அன்று நான் சொன்னது ஒரே வரிதான்: "கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்." அதைத் திருத்த வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

மில்லே பிறந்தது 1814-இல், நார்மண்டியின் கடலோரத்தில் க்ருஷி என்ற குக்கிராமம். குடும்பத்தின் மூத்த மகன். அது என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உழவு, விதைப்பு, அறுப்பு, கட்டுக் கட்டுவது, கதிரடிப்பது, தூற்றுவது, எரு இறைப்பது எல்லாம் அப்பாவோடு சேர்ந்து செய்தார். ஊர்ப் பாதிரியார் லத்தீன் சொல்லிக் கொடுத்ததால் வர்ஜிலைப் படித்தார். மத்தியானம் அப்பா கண்ணயரும் நேரத்தில் ஜன்னல் வழியே தெரிகிற தோட்டத்தையும் தொழுவத்தையும் வரைவார்.

அந்த அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. களிமண்ணில் உருவம் பிடிப்பார். ஒரு புல்லைக் கிள்ளி, இது எவ்வளவு அழகு பார் என்று மகனிடம் காட்டுவார். கோவிலில் பாட்டுக்குழுவை நடத்தியவர். ஒருநாள் பூசை முடிந்து கூனிக்கொண்டு போன ஒரு கிழவரை மகன் கரியால் வரைந்ததைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. உன்னை முன்பே அனுப்பியிருப்பேன், மூத்தவன் நீ இல்லாமல் வேலை ஓடாது என்றுதான் வைத்துக்கொண்டேன், இப்போது தம்பிகள் வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்லி, ஷெர்பூர் நகரத்து ஓவியரிடம் கூட்டிப் போனார். மில்லேவுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. 1835-இல் அப்பா இறந்தார். பண்ணையைப் பார்க்க மில்லே திரும்பிவிட்டார். பாட்டிதான் பிடிவாதமாக மறுபடி படிக்க அனுப்பினார். 1837-இல் ஷெர்பூர் நகரசபை உதவித்தொகையோடு பாரிஸ் போனார்.

இனி படத்தைப் பாருங்கள். தூரத்தில் மலைபோலக் கதிர்ப்போர்கள், பார வண்டி, குதிரைமேல் மேற்பார்வைக்காரன். அதெல்லாம் பண்ணைக்காரருக்கு. சிந்தியது மட்டும் இந்தப் பெண்களுக்கு. கண்காட்சியில் இதைப் பார்த்த பணக்காரர்களுக்குக் கோபம்; 1848 புரட்சி முடிந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை, ஏழையை இவ்வளவு பெரிதாக வரைந்தால் பயம் வராதா? ஆனால் எந்த முதுகு எந்த அளவு வளையும் என்பதை மில்லே படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் முதுகுக்கே தெரியும்.

இங்கே நிறுத்தினால் "உழைப்பே உயர்வு" என்ற என் பழைய வரிக்கே வந்துவிடுவேன். மனம் ஒப்பவில்லை. பாரிஸிலும் பிறகு பார்பிஸோனிலும் பிள்ளைகுட்டிகளோடு வறுமை. அனுப்பி வைத்த பாட்டி 1851-இல் போனார், அம்மா 1853-இல். பார்க்கத் தவித்த அம்மாவிடம் கடைசிவரை போக முடியவில்லை, வழிச்செலவுக்குப் பணமில்லை. பின்னால் பைபிள் கதையில் வரும் தோபித்தையும் மனைவியையும் வரைந்தார்: மகன் வருகிறானா என்று தாய் வாசலில் நின்று வழியைப் பார்க்கிறாள், கண் தெரியாத தகப்பன் தடுமாறி வெளியே வருகிறார். அந்தப் படத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். கடலை பறிப்புக்காகப் பதினைந்து நாள் வராத ஒரு பையனை அன்று வாசலில் நிற்க வைத்திருந்தேன். இந்தப் படத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று வகுப்பில் கேட்டேன். எல்லோரும் வயல், பெண்கள் என்றார்கள். வாசலிலிருந்து அவன் சொன்னான்: "சார், வலது பக்கத்து அம்மா நிமிரப் பாக்குது, இடுப்பு விடமாட்டேங்குது."

நான் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் நோட்டின் பின்பக்கம் முழுக்க மாடுகள் வரைந்திருப்பான். யாரைச் சொல்கிறேன் என்று அந்த வகுப்புக்காரர்களுக்குப் புரியும். பெயரை இங்கே போட வேண்டாம். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். படத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.