பர்ஸைப் பார்த்து ஆளைச் சொல்லுங்க!

மயங்கிய நிலையில், பேர் தெரியாமல் வரும் நோயாளிக்கு, கேஷுவாலிட்டியில் நாங்க தேடுறது அவர் பர்ஸைத்தான். அப்படி ஒரு பழைய பர்ஸ் கதை சொல்றேன்.

1865 ஏப்ரல் 14 இரவு. வாஷிங்டன் நாடக அரங்கில் ஒருவர் சுடப்பட்டார். அவரிடம் இருந்த பழுப்புத் தோல் பர்ஸில் ஒரே ஒரு 5 டாலர் நோட்டு. அதுவும் பிரிந்துபோன தென்மாநிலங்கள் அச்சடித்தது! கூடவே 9 பத்திரிகைத் துணுக்குகள்.

தென்பக்கத்து ஆளுன்னு தோணுதா? இல்லை, அந்தப் பிரிவினையைத் தோற்கடித்த ஆபிரகாம் லிங்கன்!

1937ல் பேத்தி அதை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார். 1976ல்தான் பெட்டி திறக்கப்பட்டது. துணுக்குகளில் பல, அவரைப் பாராட்டியவை.

நாடே திட்டித் தீர்த்த நாட்களில், அந்த மனுஷனுக்கும் நாலு நல்ல வார்த்தை தேவைப்பட்டிருக்கு.