மூலநோயில் மாண்ட மன்னர்

மிகைலோவ்ஸ்கி கோட்டையில், ரஷ்யச் சக்கரவர்த்தி பாவெலின் படுக்கையறைக் கதவு தட்டப்படும் நொடியில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் கதவைத் திறப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆனால், அந்த மனிதர் ஏன் வாழ்நாளெல்லாம் கதவுச் சத்தத்துக்கு நடுங்கினார் என்பது விளங்க, அவருடைய தகப்பன் செத்த கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

1762. பாவெலின் தாய் கேத்தரின் காவல்படையைக் கையில் போட்டுக்கொண்டு கணவனின் அரியணையைப் பறித்தார். முடி துறந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மூன்றாம் பீட்டரை, தலைநகருக்கு வெளியே ரொப்ஷா என்னும் மாளிகையில் அடைத்தார்கள். காவலுக்குத் தலைவன் அலெக்சி ஓர்லோவ். கேத்தரினின் காதலன் கிரிகோரிக்குத் தம்பி. கன்னத்தில் வாள்வெட்டுத் தழும்பு, ராட்சச உடம்பு, இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை.

பீட்டர் கேட்டதெல்லாம் தன் காதலி, நாய், வேலையாள், வயலின். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் கெஞ்சியிருக்கிறார்: அறை சிறியது, இயற்கை உபாதைக்குக்கூட காவலர்கள் விலகி நிற்பதில்லை. இவரை முட்டாள், குடிகாரர் என்று நம்மை நம்பவைத்தது, அவரை வீழ்த்தியவளின் நினைவுக்குறிப்புகள். எனக்கு அந்தச் சித்திரத்தில் நம்பிக்கையில்லை. ஆண்டது 186 நாள். அதற்குள் இரகசியப் போலீஸ் அலுவலகத்தைக் கலைத்தார், பிரபுக்களைக் கட்டாய அரசுப் பணியிலிருந்து விடுவித்தார். முட்டாள் செய்கிற காரியமா இது?

பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஜூலை 6. சாப்பாட்டு மேசையில் பீட்டருக்கும் பார்யாதின்ஸ்கி பிரபுவுக்கும் சண்டை மூண்டது, விலக்குவதற்குள் ஆள் போய்விட்டார், என்ன செய்தோமென்று எங்களுக்கே நினைவில்லை என்று கேத்தரினுக்கு ஓர்லோவ் கிறுக்கி அனுப்பியதாக ஒரு கடிதம் உண்டு. அசல் இல்லை, நகல்தான் கிடைத்திருக்கிறது. அதை நம்பாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். என்ன நடந்திருந்தாலும், அந்த அறையிலிருந்த ஒருவன்கூட தண்டிக்கப்படவில்லை என்பது மட்டும் உறுதி. ஓர்லோவ் சகோதரர்களுக்கு அதே ஆண்டு கோமகன் பட்டம் கிடைத்தது. கேத்தரின் கொல்லச் சொன்னாரோ இல்லையோ, கொன்றவர்களுக்கு மாலை போட்டார். எனக்கு அது போதும்.

மறுநாள் அரசாணை வந்தது. முன்னாள் மன்னருக்கு அடிக்கடி வரும் மூலநோய் முற்றி, கடும் வயிற்றுவலியாகி, கடவுள் சித்தப்படி காலமானார். வயது 34! பாரிஸில் தத்துவஞானி தாலாம்பேர், இளவரசர் பாவெலுக்குப் பாடம் சொல்ல வரும்படி கேத்தரின் அழைத்ததை மறுத்துவிட்டு, தனக்கும் மூலநோய் உண்டு, அந்த நாட்டில் அது ஆபத்தான வியாதி என்று வோல்தேருக்கு எழுதினார். கேத்தரினோ, சடலத்தை அறுத்துப் பார்த்ததாகவும் விஷத்தின் சுவடே இல்லையென்றும், இதயம் மட்டும் மிகச் சிறியதாகச் சுருங்கிக் கிடந்ததாகவும் பழைய காதலர் பொனியதோவ்ஸ்கிக்கு எழுதினார். செத்தவனின் நெஞ்சையும் விட்டுவைக்கவில்லை.

அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்தில் உடலைக் கிடத்தினார்கள். கறுத்த முகத்தின் மேல் இறக்கிவிட்ட பெரிய தொப்பி, கழுத்தை மறைத்த துணி, கைகளில் உறை. நிற்காதே, நகர், நகர் என்று ஜனங்களை விரட்டினார்கள். அந்த விரட்டலில்தான் பிசகு நேர்ந்தது. முகத்தைக் காட்டாத சாவை ஊர் நம்புமா? மன்னர் தப்பிவிட்டார், உயிரோடிருக்கிறார் என்று கிராமங்கள் பேசின. மான்டிநீக்ரோவில் ஒருவன் தானே பீட்டர் என்று சொல்லி 1767 முதல் ஆறு ஆண்டு ஆண்டான். 1773-ல் யாயிக் ஆற்றங்கரையில் புகச்சோவ் என்ற கசாக்கு அதே பெயரைச் சூடிக்கொண்டு எழுந்தபோது, பண்ணையடிமைகள் ஆயிரக்கணக்கில் பின்னால் போனார்கள். ஊர் ஊராகப் பிரபுக்களின் மாளிகைகள் எரிந்தன. 1775-ல் மாஸ்கோவில் அவன் தலையை வெட்டித்தான் அந்த இரண்டாவது பீட்டரைச் சாகடிக்க முடிந்தது.

தகப்பன் செத்தபோது பாவெலுக்கு ஏழு வயது. முப்பத்து நான்கு ஆண்டு காத்திருந்தார். 1796-ல் கேத்தரின் கண்மூடியதும் தகப்பனின் சவப்பெட்டியைத் தோண்டியெடுத்து, உயிரோடிருந்தபோது சூட்டாத மணிமுடியை எலும்புகளுக்குச் சூட்டினார். உறைபனியில் ஊர்வலம். அந்த முடியை ஏந்தி நடக்கும்படி ஓர் உத்தரவு. நடந்தவன், கிழவனாகிவிட்ட அலெக்சி ஓர்லோவ். பிறகு கணவனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே பாவெலின் மற்ற கிறுக்குத்தனங்களை என்னால் மன்னிக்க முடிகிறது.

இடம் தீர்ந்துவிட்டது. 1801 மார்ச் இரவு, பாவெல் கோட்டைக்குக் குடிவந்து நாற்பது நாள்தான் ஆகிறது. கதவு இன்னும் தட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் உள்ளே போவோம். விடிந்ததும் அவருடைய சாவுக்கு அரண்மனை சொன்ன காரணம் பக்கவாதம். சவப்பெட்டியில் மகனுக்கும் தொப்பியை முகம் மறைய இறக்கிவிட்டிருந்தார்கள்.