லயமும் பட்டயமும்: உடும்பஞ்சோலையில் வீடு எழுந்த கதை

நெடுங்கண்டம், ராஜாக்காடு, பூப்பாறை, தூக்குப்பாலம் என்று கேரளத்தின் உடும்பஞ்சோலை தாலுகாவில் எந்தக் கடைத்தெருவிலும் ஒரே சாயலில் சில கட்டடங்கள் கண்ணில் படும். சாலையை ஒட்டி இரண்டு மூன்று கடைமுறிகள். மேலேயோ பின்னாலேயோ குடும்பம் இருக்கும் வீடு. சரிவு இறங்கும் பக்கம் வாடகைக்கு விட்ட அறைகள். மலைச்சரிவில் தூண் நிறுத்தித் தளம் போட்டால் அடியில் இன்னொரு தளத்துக்கு இடம் கிடைத்துவிடும். அதைச் சும்மா விட யாருக்கு மனம் வரும்? ஏலக்காய் விலை சரிகிற ஆண்டில் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கைகொடுப்பது அந்த வாடகைதான். ஆனால் சொந்த வீட்டோடு ஒரு வாடகைப் பகுதியைச் சேர்த்துக் கட்டுவது இந்த மலையில் கொத்தனாரோடு முடிகிற காரியம் அல்ல. அந்த நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற பழைய கேள்வி ஒவ்வொரு அஸ்திவாரத்துக்கும் அடியில் கிடக்கிறது.

முதலில் ஏலத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு இங்கே வீடே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடியானவர்கள் பருவத்தில் மலையேறி, காய் பறித்து, உலர்த்தி, அரசுக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். குடும்பமும் வீடும் அடிவாரத்தில். மலைமேல் இருந்தது பருவத்துக்கான குடிசை மட்டும். போடியிலும் கம்பத்திலும் வீடு, மேலே தோட்டம் என்ற ஏற்பாடு பல குடும்பங்களில் இன்றும் மாறவில்லை.

1897 ஆகஸ்ட் 24 அன்று திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏலமலைக் காடுகள் பிறகு ஒதுக்குவனமாகப் பேசப்படுவதற்கு அடிப்படை அந்த அறிவிப்புதான். அதில் அடங்கும் பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசு. 2,15,720 ஏக்கர் என்கிறார்கள் சூழலியல் அமைப்பினர். முன்னால் ஒரு ‘2’ இருக்கிறதா இல்லையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மரம் வனத்துறைக்கு, மண் வருவாய்த்துறைக்கு என்ற இரட்டை ஆட்சியும் இங்கே நீடிக்கிறது. முற்றத்தில் நிற்கும் மரத்தைத் தன் விருப்பத்துக்கு வெட்ட முடியாத வீட்டுக்காரர்கள் வாழும் ஊர் இது.

குடும்பங்கள் நிலையாகத் தங்கத் தொடங்கியது உணவுப் பஞ்சத்தால். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி வரத்து நின்றபோது, உணவுப் பயிரை அதிகம் விளைவிக்கும் திட்டத்தின்கீழ் காட்டுநிலம் திறந்துவிடப்பட்டது. கோட்டயம், பாலா, தொடுபுழா பக்கங்களிலிருந்து ஏழை விவசாயிகள் ஏறிவந்தார்கள். 1955-இல் அரசே திட்டமிட்டு ஆளைக் குடியேற்றியது. குடும்பத்துக்கு 5 ஏக்கர் கொடுத்த அந்தத் திட்டத்தில் உருவான கல்லார்-பட்டம் காலனி, அப்போதைய முதல்வர் பட்டம் தாணு பிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேவிகுளமும் பீருமேடும் எந்த மாநிலத்துக்கு என்ற போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தக் குடியேற்றம் எல்லைக் கணக்கையும் மனத்தில் வைத்தே நடந்தது என்ற வருத்தம் இங்குள்ள தமிழர்களிடம் இன்னும் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வந்து இறங்கிய மலையாளிக் குடும்பத்தின் பாடும் எளிதாக இருக்கவில்லை. யானைக்குப் பயந்து மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டி உறங்கினார்கள். ஈத்தையும் புல்லும்தான் முதல் வீடு. அந்தப் பயமும் பழங்கதையாகிவிடவில்லை. சின்னக்கானல் பக்கம் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்துக்கொண்டிருந்த அரிக்கொம்பன் என்ற காட்டுயானையைப் பிடித்தது 2023 ஏப்ரலில்தான்.

தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தது லயம். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு குடும்பம். வாடகை இல்லை, ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா என்று பயிர்களை எண்ணிய அந்தச் சட்டத்தின் வாசகத்தில் ஏலம் இடம்பிடித்தது 30 ஆண்டு கழித்து, 1981 திருத்தத்தில். முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து உயிர்ப்பலி நேர்ந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற பிரிவும் அதே திருத்தத்தில் சேர்ந்தது. இப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டதிலிருந்தே லயங்களின் நிலை விளங்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பக்கத்துத் தேவிகுளம் தாலுகாவின் பெட்டிமுடியில் மண்சரிவு லயங்களை அள்ளிக்கொண்டு போனபோது 70 பேர் மாண்டார்கள். தலைமுறைகளாகத் தோட்டத்தில் உழைத்தவர்கள். குடியிருந்த மண்ணில் ஒரு சென்ட்கூட அவர்கள் பெயரில் இல்லை.

அதனால்தான் பணி ஓய்வுக்கு முன்பே எங்காவது மூன்று, நான்கு சென்ட் வாங்கிவிட வேண்டும் என்பது லயத்துக் குடும்பங்களின் பெருங்கனவு. அதில் எழும் சிறிய வீட்டில் ஒரு பக்கம் தங்களுக்கு, மறுபக்கம் வாடகைக்கு. அந்த வாடகை அவர்களுக்கு ஓய்வூதியம் மாதிரி.

இப்போது காகிதத்துக்கு வருவோம். 1960-இன் நிலப்பதிவுச் சட்டத்தின்கீழ் 1964-இல் வந்த விதிகள், அரசு நிலத்தைச் சொந்தச் சாகுபடிக்கும் வீட்டுமனைக்கும் பக்கத்து நிலத்தின் பயன்பாட்டுக்கும் கொடுக்கலாம் என்றன. கடை, விடுதி பற்றிப் பேச்சே இல்லை. 1977-க்கு முன் காட்டுநிலத்தில் குடியேறியவர்களுக்காக 1993-இல் தனி விதிகள் வந்தன. இந்த விதிகளின்கீழ் கிடைத்த பட்டயம் என்ற நில உரிமைப் பத்திரத்தை நம்பித்தான் ஊர்கள் வளர்ந்தன. பின்கட்டில் ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைத்தால் அதுவும் குடியிருப்புதான் என்று வாதிட இடமுண்டு. 1964 பட்டய நிலத்தில் முன்னால் ஒரு கடைமுறி வைத்தால் அந்த வாதம் நிற்காது.

மூணாறைச் சுற்றி ரிசார்ட்டுகள் பெருகியபோது 1964 விதி விழித்துக்கொண்டது. 2019 ஆகஸ்டில் வந்த அரசாணை, 15 சென்ட் வரையிலான நிலத்தில் 1,500 சதுர அடி வரையிலான கட்டடங்களை வரன்முறைப்படுத்தலாம் என்றது. அதைத் தாண்டியவர்களின் பட்டயம் ரத்தாகும் நிலை. அடுத்த மாதமே, எந்தத் தேவைக்காகக் கொடுத்த நிலம் என்று வருவாய்த்துறை சான்று தந்தால்தான் கட்டட அனுமதி என்றானது. இந்தத் தாலுகாவின் சின்னக்கானலும் சாந்தன்பாறையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஏழு மாடி விடுதிக்காரரும் ஏழு சென்ட் வீட்டுக்காரரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டது பெரும் அநியாயம். மாவட்டம் முழு அடைப்புகளால் திணறியது. பட்டய நிலத்தில் நோக்கம் மாறிய கட்டடங்களை முறைப்படுத்த அரசுக்கு அதிகாரம் தரும் திருத்தச் சட்டம் 2023 செப்டம்பரில் சட்டசபையில் நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது 2024 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபரில், ஏலமலை ஒதுக்குவனப் பகுதியில் புதிய பட்டயம் கொடுக்க உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஆகவே உடும்பஞ்சோலைப் பக்கம் வீட்டோடு ஒரு வாடகைப் பகுதியும் கட்ட நினைப்பவர்கள் வரைபடம் போடுவதற்கு முன் வில்லேஜ் ஆபீஸுக்குப் போங்கள். பட்டயம் எந்த ஆண்டின் எந்த விதியில் கொடுக்கப்பட்டது, அதில் எழுதியிருக்கும் நோக்கம் என்ன, நிலம் ஒதுக்குவன எல்லைக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசும் ஒன்று செய்ய வேண்டும். முறைப்படுத்தும் வேலையில் முதல் இடம் சிறு வீட்டுக்காரர்களுக்கு. அவர்களுக்கும் முன்னால், ஆயுளெல்லாம் உழைத்தும் பட்டயம் என்ற காகிதத்தையே தொட்டுப் பார்க்காத லயத்துக் குடும்பங்களுக்கு.