போன் பலன்ஸைத் தின்ற தவளை

ரீலோட் போட்டு ரெண்டு நாள்தான் ஆகியிருக்கும். ஒரு கோலும் எடுக்கேல்லை, ஆனால் பலன்ஸ் குறைஞ்சிருக்கும். தேடிப் பார்த்தால் ராசிபலனோ கிரிக்கெட் ஸ்கோரோ ஏதோ ஒரு சேவை எங்கட பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் இதைச் சின்ன எரிச்சலாக எடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இது தற்செயலாக வந்த கோளாறு இல்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கு, அந்த வரலாற்றில் ஒரு தவளையும் இருக்கு.

உலகின் முதல் எஸ்.எம்.எஸ் 1992 டிசம்பர் 3 அன்று பிரித்தானியாவில் போனது. நீல் பாப்வேர்த் என்ற 22 வயதுப் பொறியியலாளர், கணினியில் தட்டி வொடபோன் நிறுவனத்தின் அதிகாரி ஒருவருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பினார். குறுஞ்செய்தி, போன்களும் கோபுரங்களும் தங்களுக்குள் தகவல் பரிமாறும் வழியிலேயே போய்விடும். அதனால்தான் அதற்கு 160 எழுத்து என்ற எல்லை. கம்பனிக்கு அதனால் பெரிய செலவும் இல்லை. செலவு குறைந்த ஒன்றை ஒவ்வொன்றாக எண்ணிக் காசு வாங்கலாம் என்பது அவர்களுக்கு விளங்கக் கொஞ்ச வருடம் எடுத்தது.

அடுத்த படி பின்லாந்தில். 1998இல் ரேடியோலின்யா என்ற தொலைபேசிக் கம்பனி, மெசேஜ் வழியாக ரிங்டோன் விற்கத் தொடங்கியது. இதில் முக்கியமானது பாட்டு இல்லை, காசு போன வழிதான். கிரெடிட் கார்ட் தேவையில்லை, கடைக்குப் போகத் தேவையில்லை, காசு போன் பில்லிலேயே கழியும். அதாவது வங்கிக் கணக்கே இல்லாத பத்து வயதுப் பிள்ளையும் இப்போது வாடிக்கையாளர்.

இந்த வியாபாரம் ஓடுவது இப்படித்தான். நாலைந்து இலக்கம் கொண்ட குறுகிய எண் ஒன்று இருக்கும். அதற்கு ஒரு சொல்லை அனுப்பினால் சேவை தொடங்கும். பிறகு எங்களுக்கு வாற மெசேஜுக்கு நாங்களே காசு கட்ட வேணும். சாதாரண மெசேஜில் அனுப்புகிறவர் கட்டுவார், இதில் வாங்குகிறவர் கட்டுவார். வெட்டிய காசைத் தொலைபேசிக் கம்பனி, நடுவில் நிற்கும் இணைப்பு நிறுவனம், சேவையை நடத்துகிறவர் என்று மூன்று பேர் பிரித்துக்கொள்வார்கள். சந்தா என்றால் நாங்கள் "நிறுத்து" என்று சொல்லும்வரை இது நடக்கும்.

இதைப் பெரும் தொழிலாக்கிக் காட்டியது ஜேர்மனியின் ஜம்பா. ஒலிவர், மார்க், அலெக்சாண்டர் சம்வர் என்ற மூன்று சகோதரர்கள் 2000ஆம் ஆண்டில் பெர்லினில் தொடங்கிய கம்பனி அது. 2004இல் அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் அதை ஏறத்தாழ 273 மில்லியன் டொலருக்கு வாங்கியது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதன் பெயர் ஜாம்ஸ்டர்.

தவளை வருவது இங்கேதான். 1997இல் டேனியல் மால்மெடால் என்ற சுவீடன் இளைஞர், பழைய மொபெட் இயந்திரத்தின் சத்தத்தை வாயால் செய்து பதிவு பண்ணினார். அந்தச் சத்தத்துக்கு எரிக் வெர்ன்குவிஸ்ட் 2003இல் ஒரு அனிமேஷன் உருவம் கொடுத்தார். உரிமையை வாங்கிய ஜம்பா அதற்கு 'கிரேஸி ஃப்ரொக்' என்று பெயர் வைத்தது. 2005 மே மாதத்தில் மட்டும் பிரித்தானியத் தொலைக்காட்சிகளில் ஜாம்ஸ்டர் விளம்பரம் 73,000 தடவைக்கு மேல் போனது. அதே நேரம் தவளையின் 'அக்செல் எஃப்' பாட்டு, கோல்ட்பிளேயின் புதுப் பாட்டைத் தள்ளிவிட்டு அங்கே முதலிடம் பிடித்தது.

விளம்பரத்துக்கு எதிராக முறைப்பாடுகள் குவிந்தன. வேடிக்கை என்னவென்றால், முதலில் வந்த பல முறைப்பாடுகள் தவளைக்கு உடுப்பில்லை என்பது பற்றியவை. விளம்பரத் தராதர அதிகார சபை அவற்றை ஏற்கவில்லை. உண்மையான பிரச்சினை வேறு. ஒரு ரிங்டோன் வாங்குகிறோம் என்று நினைத்த பிள்ளைகள், தொடர்ந்து காசு வெட்டும் சந்தாவில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 2005 செப்டெம்பரில்தான், இரவு 9 மணிக்கு முன் இந்த விளம்பரங்களைக் காட்டக்கூடாது என்று அந்தச் சபை தீர்மானித்தது. அதற்குள் தவளை சம்பாதிக்க வேண்டியதைச் சம்பாதித்து முடித்திருந்தது.

ஜேர்மனியில் இதை முதலில் உடைத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு வலைப்பதிவர். 2004 டிசம்பரில் யொனி ஹொய்ஸ்லர் தன்னுடைய 'ஸ்ப்ரேபிளிக்' தளத்தில், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுற மாதிரி, ஜம்பாவிடம் ரிங்டோன் வாங்கினால் உண்மையில் என்ன நடக்கும் என்று எழுதினார். பதிவு நாடு முழுக்கப் பரவியது. அதன் கீழே கம்பனியைப் புகழ்ந்து வந்த கருத்துகளில் சில கம்பனிக்குள் இருந்தே வந்தவை எண்டு பிறகு தெரிய வந்தது. 2006 ஏப்ரலில் ஜேர்மன் உச்ச நீதிமன்றமும், வேறொரு வழக்கில், பதின்ம வயதினரின் சஞ்சிகையில் வந்த ரிங்டோன் விளம்பரத்தைத் தவறென்றது. நிமிடத்துக்கு 1.86 யூரோ என்று போட்டிருந்தார்கள், ஆனால் மொத்தம் எவ்வளவு வரும் என்று பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை.

இந்த வியாபாரம் எதில் நிற்குது என்பதை அதே ஆண்டு சீனா காட்டியது. 2006 ஜூலையில் சைனா மொபைல் ஒரு விதி கொண்டுவந்தது: சந்தாவில் சேர்ப்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் ரெண்டாம் தரமும் சம்மதம் கேட்க வேணும். அவ்வளவுதான். லிங்க்டோன், ரொம் ஒன்லைன் போன்ற கம்பனிகள் வருமானம் குறையும் என்று உடனே அறிவித்தன, பங்கு விலைகளும் விழுந்தன. "உண்மையாவே வேணுமா?" என்ற ஒரு கேள்வியைத் தாங்கமுடியாத தொழில் என்றால், அதுவரை கிடைத்த சம்மதம் என்ன வகைச் சம்மதம்?

இன்னொரு கேள்வி, யாரைக் கேட்பது என்பது. தொலைபேசிக் கம்பனியைக் கேட்டால் "அது மூன்றாம் தரப்புச் சேவை" என்பார்கள். அமெரிக்காவில் இந்தப் பதில் எடுபடவில்லை. ராசிபலன், காதல் குறிப்பு, நடிகர்களின் கிசுகிசு என்று மாதம் 9.99 டொலர் கேட்காமலே வெட்டப்பட்டதாகவும், அதில் 35 முதல் 40 வீதம் ரி-மொபைலுக்கே போனதாகவும் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2014இல் வழக்குப் போட்டது. அந்த வருடமே ரி-மொபைல் குறைந்தது 90 மில்லியன் டொலருக்கும், ஏ.ரி.அண்ட்.ரி 105 மில்லியன் டொலருக்கும் இணங்கி வழக்குகளை முடித்தன. பங்கு எடுக்கிறவருக்குப் பொறுப்பும் இருக்கு என்பது அங்கே இப்படித்தான் நிலைநாட்டப்பட்டது.

சம்வர் சகோதரர்கள் பிறகு ரொக்கெட் இன்டர்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2012இல் பாகிஸ்தானில் டராஸ் பிறந்தது அதிலிருந்துதான். 2018இல் அலிபாபா வாங்கும்வரை நாங்கள் இலங்கையில் பாவித்த டராஸும் அவர்களின் வழிவந்ததே. ரிங்டோனோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆட்களும் முதலீடும் வேறு தொழில்களுக்கு நகர்ந்தன. "முதல் மாதம் இலவசம், பிறகு தானாக வெட்டும்" என்ற செயலிகள், ரிங்டோன் காலத்தில் பழகிய அதே மறதியில்தான் காசு பார்க்கின்றன.

எங்கட போனில் வெட்டுப்படுறது ஒரு நாளைக்குச் சில ரூபாய்தான், அதற்காக யார் ஹொட்லைனில் அரை மணித்தியாலம் காத்திருக்கப் போறம் என்று நினைப்போம். எல்லோரும் அப்படி நினைப்பார்கள் என்பதுதான் இந்த வியாபாரத்தின் கணக்கு. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மம்மாவின் போனில் என்னென்ன சேவை ஓடுது என்று ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. நிறுத்துவது சேர்வதைவிட ஏன் கஷ்டமாக இருக்கு என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கோ. ஸ்ப்ரேபிளிக்கும் தொடங்கினது அப்படி ஒரு சின்ன விஷயத்தை விளங்கப்படுத்தித்தான்.